பெரிய மைதானத்தில் ராக் ஷோ பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ், மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ், நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம் போன்ற திறந்தவெளி இடங்களில் நடக்கும் ராக், மெட்டல் ஷோக்களுக்கு முதல்முறையோ இரண்டாம் முறையோ போகிறவர்களுக்கானது இது. கேள்விகள் பலவிதமாக வந்தாலும், பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: எங்கே நிற்பது? பாட்டு தெளிவாகக் கேட்பது, மூச்சு முட்டாமல் இருப்பது, வீடு திரும்பும்போது காது இரையாமல் இருப்பது எல்லாமே பெரும்பாலும் அதைப் பொறுத்தவை.

சென்னையில் பெரிய ராக் ஷோவே கிடையாதா?

உண்டு, ஆனால் அபூர்வம். ஸ்வீடனின் மெட்டல் குழு ஓபெத் 2009 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் வாசித்தது. ஆனால் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெங்களூருதான் முன்னால் நிற்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரலில் வந்தது, அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் வந்தது, மெட்டாலிகா 2011 அக்டோபர் 30 அன்று வந்தது. மூன்றும் பேலஸ் கிரவுண்ட்ஸில். சமீப ஆண்டுகளில் மும்பைக்கு எடை கூடியிருக்கிறது. பல பேண்டுகள் வாசிக்கும் லொல்லாபலூசா விழா 2023 ஜனவரியிலிருந்து மகாலட்சுமியில் நடக்கிறது. கன்ஸ் அண்ட் ரோசஸ் 2025 மே மாதம் அதே மைதானத்தில் வாசித்தது.

ஆகவே தமிழ்நாட்டு ரசிகருக்கு ஷோ என்றாலே பயணம்தான். டிக்கெட் எடுப்பதற்கு முன் திரும்பி வரும் வழியை யோசியுங்கள். பத்து மணிக்கு முடியும் ஷோவிலிருந்து வெளியே வந்து, வண்டி பிடித்து, ஸ்டேஷன் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பதினொன்றுக்கு முன் கிளம்பும் ரயிலில் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் கடைசி மூன்று பாட்டைத் தியாகம் செய்கிறார்கள், மீதிப் பேர் ரயிலை. ஒரு இரவு தங்கிவிட்டுக் காலை வண்டியில் வருவதே மேல்.

ஃபேன் பிட், ஜெனரல், ஸ்டாண்ட்: எந்த டிக்கெட் வாங்குவது?

பிட் என்பது மேடையை ஒட்டிய நிற்கும் பகுதி. ஜெனரல் அதற்குப் பின்னால், அதுவும் நிற்பதே. ஸ்டாண்ட் என்றால் ஸ்டேடியத்தின் இருக்கைகள். விஐபி என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். பல ஷோக்களில் அது ஓரமாக ஒரு உயர்ந்த மேடை, கொஞ்சம் சோபா, தனிக் கழிவறை, அவ்வளவுதான். மேடையைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். வாங்குமுன் வரைபடத்தைப் பெரிதாக்கி, மேடை எந்தத் திசையில் இருக்கிறது, ஒலிக் கலவை மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நாலு மணி நேரம் நிற்க முடியாதவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் ஸ்டாண்ட் எடுக்கலாம். அதில் கூரைக்கு அடியிலுள்ள கடைசி வரிசைகளைத் தவிருங்கள். அங்கே ஒலி பின்சுவரில் மோதித் திரும்பும், டிரம் அடி ஒவ்வொன்றும் இரண்டு முறை கேட்கும்.

எங்கே நின்றால் சத்தம் சரியாகக் கேட்கும்?

மேடைக்கு நேர் எதிரே, மைதானத்தின் நடுவில் சின்னப் பந்தல் போல ஒன்று இருக்கும். அங்கேதான் ஒலிப் பொறியாளர் மிக்ஸர் முன் நிற்கிறார். பெரிய ஷோக்களில் மேடையிலிருந்து சுமார் 25 முதல் 40 மீட்டர் தள்ளி இருக்கும். அவர் தன் காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அப்படித்தான் எல்லாக் கருவிகளையும் கலக்கிறார். அவர் கேட்பதை நீங்களும் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பந்தலுக்கு முன்னால் சில அடிகள் தள்ளி நில்லுங்கள். இடது வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் சம தூரத்தில் இருக்கும். பந்தலைச் சுற்றியுள்ள தடுப்பில் சாய்ந்துகொள்ளவும் முடியும். பந்தலுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம், மேடையும் மறையும், ஒலியும் மறையும்.

மேடையை ஒட்டி நின்றால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. மேடையின் இருபுறமும் வாழைத்தார் போலத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை தூரத்துக் கூட்டத்தைக் குறிவைத்தது. அதன் ஒலியில் பெரும்பகுதி முன்வரிசையின் தலைக்கு மேலே பறந்துபோகும். முன்வரிசைக்கு எட்டுவது மேடையிலிருந்து நேராக வரும் டிரம், கிட்டார் ஆம்ப் சத்தம், கீழே வரிசையாக வைத்த, தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்களின் இடி. பாடகரின் குரலுக்காக மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்திருப்பார்கள். அவை இருந்தும் வார்த்தைகள் பாதி கரைந்துவிடும்.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி பற்றி ஒன்று. சப்வூஃபர்களை இடதும் வலதுமாகப் பிரித்து வைத்திருந்தால், இரண்டின் அலைகளும் மைதானத்தின் நடுக்கோட்டில் ஒன்றுசேர்ந்து பலம் கூடும். நடுவிலிருந்து சில மீட்டர் தள்ளினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஒரு இடத்தில் நெஞ்சு அதிர, பத்தடி தள்ளி பேஸ் கிட்டாரே இல்லாததுபோல் தோன்றுவது இதனால்தான். பேஸ் சரியில்லை என்று தோன்றினால் திட்டுவதற்கு முன் கொஞ்சம் நகர்ந்து பாருங்கள்.

தூரத்தில் நின்றால் பாடகரின் உதடும் பாட்டும் ஒட்டாமல் போகிறதே?

நம் ஊர் மாலை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். ஒளிக்குத் தாமதமே இல்லை. அதனால் டிரம்மர் குச்சியை ஓங்கி அடித்து முடித்த பிறகு சத்தம் வரும்.

பெரிய மைதானங்களில் நடுவே தூண்கள் மீது கூடுதல் ஸ்பீக்கர்கள் இருக்கும். அவற்றின் ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து அனுப்புவார்கள், மேடை ஒலி அங்கே வந்து சேரும் கணத்தோடு பொருந்துவதற்காக. இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லும் எதிரொலியாகும். இரண்டு தூண்களுக்கு நடுவே, அல்லது தூணுக்கு நேர் கீழே நின்றால் இந்தப் பொருத்தம் கெடும். காற்று பலமாக வீசும் நாளில் மேல்ஸ்தாயி ஒலிகள் வந்து வந்து போவதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

எல்லாம் சரி, எனக்கு முன்வரிசைதான் வேண்டும். என்ன செய்ய வேண்டும்?

வேண்டாமென்று சொல்ல மாட்டோம். கிட்டாரிஸ்டின் விரலைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் விலை தெரிந்து வாங்குங்கள். கதவு மூன்று மணிக்குத் திறக்கிறது என்றால் காலையிலேயே வரிசையில் நிற்பவர்கள் இருப்பார்கள். உள்ளே போனதும் தடுப்பைப் பிடித்தால் பத்து மணிவரை அதை விட முடியாது. தண்ணீர், கழிவறை, சாப்பாடு எதற்கும் நகர முடியாது. நண்பர் இடம் பிடித்து வைப்பார் என்பது கடைசி ஒரு மணி நேரத்தில் செல்லாது.

நடுவில் நிற்பதைவிட, மேடையின் இடது அல்லது வலது கால்பகுதிக்கு எதிரே உள்ள தடுப்பு புத்திசாலித்தனமான இடம். நெருக்கல் எப்போதும் நடுவில் அதிகம். பக்கவாட்டில் பாதுகாப்பு ஊழியர் எளிதில் எட்டுவார். ரிதம் கிட்டாரிஸ்டைப் பிடிக்குமா, லீட் கிட்டாரிஸ்டைப் பிடிக்குமா என்று பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பல பேண்டுகளில் யார் எந்தப் பக்கம் என்பது வருடக்கணக்கில் மாறாது.

அந்த இரும்புத் தடுப்பு கவிழாமல் நிற்பது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. அதன் அடித்தகடு கூட்டத்தின் பக்கமாக நீண்டிருக்கும். முன்வரிசை அதன் மேல்தான் நிற்கிறது. தள்ளும் கூட்டத்தின் எடையே தடுப்பை அழுத்திப் பிடிக்கிறது. பந்தல்காரரின் சவுக்குக்கம்புத் தடுப்பு இந்த வேலையைச் செய்யாது. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடக்கவிருந்த மெட்டாலிகா ஷோ, மேடைக்கு முன்னிருந்த தடுப்பு சரிந்ததால்தான் ரத்தானது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் வாசித்தார்கள்.

நான் ஐந்தடி உயரம். எதுவும் தெரியுமா?

கூட்டத்தின் நடுவில் தெரியாது. முன்னால் இருக்கும் முதுகும், அந்த முதுகு தூக்கிப்பிடித்த போனும்தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது முன்னால் ஆள் இல்லாத ஒரு கோடு. ஜெனரல் பகுதியின் முதல் தடுப்பு, பாதுகாப்பு ஊழியர் நடக்க விட்டிருக்கும் சந்தின் ஓரம், மிக்ஸர் பந்தலின் பக்கத் தடுப்பு, தரை லேசாக மேடேறும் பின்பகுதி ஆகியவை நல்லவை. பிட்டின் பத்தாவது வரிசையைவிட ஜெனரலின் முதல் வரிசை உங்களுக்கு மேல், பணமும் மிச்சம். கூட்டத்தில் யார் தோளிலும் ஏறாதீர்கள். பின்னால் இருப்பவர் சாபமும் விழும், நீங்களும் விழுவீர்கள்.

எதைக் கொண்டுபோகலாம்?

ஒவ்வொரு ஷோவுக்கும் விதி மாறும், டிக்கெட்டோடு வரும் பட்டியலைப் படியுங்கள். பொதுவாகப் பறிபோவது: தண்ணீர் பாட்டில், குடை, வாசனைத் தெளிப்பான், தீப்பெட்டி, லைட்டர், செல்ஃபி ஸ்டிக், லென்ஸ் கழற்றக்கூடிய கேமரா, பெரிய பை. பவர் பேங்கைச் சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் வாசலில் குவியலாகக் கிடக்கும். பிடுங்கியது திரும்பக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவதும் அபூர்வம்.

கையில் இருக்க வேண்டியவை: முழு சார்ஜ் ஏற்றிய போன், அசல் அடையாள அட்டை, காது அடைப்பான், மெல்லிய மழைக்கோட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சீட்டோடு, கொஞ்சம் ரொக்கம். உள்ளே பல இடங்களில் ரொக்கம் செல்லாது. கைப்பட்டையிலோ அட்டையிலோ பணம் ஏற்றச் சொல்வார்கள். மீதியைத் திரும்பப் பெறச் சில நாள்தான் கெடு, அதனால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ரொக்கம் வெளியே ஆட்டோவுக்கு.

டிக்கெட்டை வீட்டிலேயே செயலியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சில செயலிகளில் க்யூஆர் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. மாறாத குறியீடாக இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் போட்டால், நகல் எடுத்து முதலில் வருபவர் உள்ளே போய்விடுவார், நீங்கள் வெளியே.

என்ன உடுத்துவது, எப்போது சாப்பிடுவது?

கறுப்பு டி-ஷர்ட் கட்டாயமில்லை. மூடிய ஷூ கட்டாயம். செருப்பு போட்டு வந்தவரின் கால்விரல் முதல் பாட்டிலேயே நசுங்கும். ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போடுங்கள், கூட்டத்தில் குனிந்து கட்ட முடியாது. வளையம், தொங்கட்டான், நீளச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். மழை பெய்தால் பேலஸ் கிரவுண்ட்ஸ் மாதிரி மண்தரை சேறாகும், பழைய ஷூவே போதும்.

சாப்பாடு மூன்று, நாலு மணிக்குள். தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம் போல வயிற்றில் நிற்கிற, கலக்காத எதுவும் சரி. காலையிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். ஷோவுக்கு அரைமணி முன் ஒரு லிட்டர் குடித்தால் கழிவறை வரிசைக்குத்தான் டிக்கெட் வாங்கியதாகும். கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களில் பலர் சாப்பிடாமல் வெயிலில் வரிசை நின்றவர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள்.

கழிவறைக்குப் போக நல்ல நேரம், தொடக்க பேண்டின் கடைசி இரண்டு பாட்டு. அவர்கள் முடித்ததும் மேடை மாற்ற அரைமணியோ முக்கால் மணியோ ஆகும். அப்போதுதான் மைதானமே எழுந்து போகும்.

காது அடைப்பான் போட்டால் பாட்டு எப்படிக் கேட்கும்? காசு கொடுத்து எதற்கு அடைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி நியாயம், கணக்கைப் பாருங்கள். தொழிலிடங்களுக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம், 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சிகளுக்குச் சொன்ன உச்சவரம்பும், 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபெல்தான். ராக் ஷோ இரண்டு மணி நேரம். மேடைக்கு அருகில் 100ஐத் தாண்டுவது சாதாரணம்.

15 முதல் 20 டெசிபெல் குறைக்கும் அடைப்பான் போட்டால் அதே ஷோ 80, 85க்கு இறங்கும். இசைக்காரர்களுக்கென்று வடிகட்டி வைத்த வகை எல்லாச் சுருதிகளையும் ஓரளவு சமமாகக் குறைக்கும். பாட்டு பாட்டாகவே இருக்கும், ஒலியளவைக் குறைத்ததுபோல். மருந்துக்கடை நுரை அடைப்பான் மேல்ஸ்தாயியை அதிகம் வெட்டும், சிம்பல் மங்கும். ஆனாலும் வெறும் காதைவிட எவ்வளவோ மேல். பஞ்சு வைப்பது கண்துடைப்பு.

நுரையை வெறுமனே காதில் செருகினால் பயன் இல்லை. இரண்டு விரலால் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருங்கள். சரியாக இருந்தால் உங்கள் குரலே தலைக்குள் கம்மலாகக் கேட்கும். முதல் பாட்டுக்கு முன்பே போடுங்கள். சத்தம் உறைக்க ஆரம்பித்தபின் போடுகிறவர், பாதி சேதம் முடிந்தபின் போடுகிறார்.

குழந்தைகளுக்குக் காதை மூடும் இயர்மஃப். கைக்குழந்தையை எந்த இயர்மஃபோடும் கூட்டிவர வேண்டாம்.

கூட்ட நெரிசல் எப்போது ஆபத்தாகிறது? எப்படித் தெரியும்?

1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. தி ஹூ ஷோவுக்கு இருக்கை எண் இல்லாத டிக்கெட். வெளியே ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, சில கதவுகளே திறக்கப்பட்டன. ஷோ தொடங்கிவிட்டது என்ற எண்ணத்தில் பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். 11 பேர் இறந்தார்கள். 2000 ஜூன் 30, டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். இத்தகைய சாவுகளைச் செய்தித்தாள்கள் "மிதிபட்டு" என்று எழுதும். பெரும்பாலும் காரணம் அது அல்ல. நாலு பக்கமும் அழுத்தம் கூடி, நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு நிற்கிறது. பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாது.

ஒரு சதுர மீட்டரில் நாலு பேர்வரை நெருக்கமே தவிர ஆபத்தில்லை. ஐந்தைத் தாண்டினால் கவனம் வேண்டும். ஆறு, ஏழு ஆனால் கூட்டம் தண்ணீர்போல் நடந்துகொள்ளும், அலை வரும், தனி மனிதரின் பலத்துக்கு அங்கே மதிப்பில்லை. அங்கே நின்று எண்ணிப் பார்க்க முடியாது, அதனால் உடம்பைக் கேளுங்கள். கையைத் தூக்கி முகத்தைத் தொட முடிகிறதா? நீங்கள் நகராமலே கால் இடம் மாறுகிறதா? முதலாவது முடியவில்லை, இரண்டாவது நடக்கிறது என்றால் உடனே வெளியே வர வேண்டிய நேரம் அது. அடுத்த பாட்டு வரை காத்திருக்க வேண்டாம்.

வரும் முறை இது. முன்னங்கைகளைக் குத்துச்சண்டைக்காரர்போல் நெஞ்சுக்கு முன் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். கத்தாதீர்கள், மூச்சு வீணாகும். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தளரும் கணத்தில் பக்கவாட்டிலும் பின்னாலுமாக, சாய்வாக ஓரிரு அடி நகருங்கள். அடுத்த தளர்வில் மறுபடி. தடுப்பிலிருந்து ஒரு ஆள் தூரத்தில் இருந்தால் பாதுகாப்பு ஊழியரைப் பார்த்துக் கை நீட்டுங்கள், தூக்கி எடுப்பதுதான் அவர் வேலை. போன் கீழே விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். நீங்களே விழுந்து எழ முடியாவிட்டால், ஒருக்களித்துச் சுருண்டு தலையைக் கையால் மூடுங்கள். மல்லாந்தோ குப்புறவோ கிடக்கக் கூடாது.

மோஷ் பிட்டில் இறங்கலாமா?

கூட்டத்தின் நடுவே இடம் விட்டு, ஒருவரோடொருவர் மோதி ஆடுவது மோஷ் பிட். இறங்க விருப்பமுள்ளவர்களுக்குள் மட்டும் நடக்கும் ஆட்டம் அது. யாராவது விழுந்தால் அந்த நொடியே நிறுத்தித் தூக்க வேண்டும். முழங்கையை முகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஓரத்தில் பார்த்து நிற்பவரை இழுத்துப் போடக் கூடாது. கீழே கிடந்த ஷூவையோ போனையோ எடுத்தால் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், உடையவர் வந்து வாங்கிக்கொள்வார். இந்த நாகரிகம் அறிந்த கூட்டத்தில் மோஷ் பிட் வெளியிலிருந்து தெரிவதைவிடப் பத்திரமானது. அறியாத கூட்டம், குறிப்பாக குடித்துவிட்டுத் தள்ளுவதே மோஷ் என்று நினைக்கும் கூட்டம், உடனே தெரிந்துவிடும். விலகுங்கள். கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு மங்கலாக ஆடட்டும்.

கூட்டத்தின் தலைமேல் மிதந்து போவதைப் பல இந்திய ஷோக்களில் தடை செய்திருக்கிறார்கள். கழுத்தும் மணிக்கட்டும் முறிவது அதில்தான்.

பெண்கள் தனியாகவோ கூட்டாகவோ போவது எப்படி?

சோதனை வரிசை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. குழு வாசலிலேயே பிரியும், அதன்பின் போன் வேலை செய்யாது. அதனால் வரிசையில் சேரும்முன்பே உள்ளே எங்கே சந்திப்பது என்று பேசிவையுங்கள். உள்ளே மிக்ஸர் பந்தலின் பக்கம், பாதுகாப்புச் சந்தின் ஓரம் ஆகியவை நல்ல இடங்கள், வெளிச்சமும் ஊழியரும் அருகில். தனியாக வரும் பெண்கள் ஏற்கெனவே பெண்கள் இருக்கும் ஒரு குழுவின் அருகில் நிற்பது வழக்கம், யாரும் தவறாக நினைப்பதில்லை. யாராவது கை வைத்தால் சங்கடப்படாமல் உரக்கச் சொல்லுங்கள், சட்டை நிறத்தைச் சுட்டி ஊழியரைக் கூப்பிடுங்கள். மேடையில் வாசிப்பவரே நிறுத்தி ஆளை வெளியேற்றிய சம்பவங்கள் உண்டு.

போனில் நல்ல வீடியோ எடுப்பது எப்படி?

ஃபிளாஷை அணையுங்கள். அதன் வெளிச்சம் மூன்று, நாலு மீட்டர்தான் போகும், முன்னாலிருப்பவரின் பிடரியைத்தான் படம் எடுக்கும். பாடகரின் முகத்தில் விரலை அழுத்தி ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், வெள்ளைப் பொட்டாகத் தெரிந்த முகம் தெளியும். மிக முன்னால் நின்றால் மைக் தாங்காமல் ஒலி கிழியும். ஒரு பாட்டில் முப்பது நொடி எடுத்துவிட்டுப் போனைப் பையில் போடுங்கள். முழுப் பாட்டும் தெளிவாக எடுத்து எவரோ நாளை காலைக்குள் ஏற்றிவிடுவார், அது நீங்களாக இருக்க அவசியமில்லை.

கையில் கட்டிவிடும் ஒளிரும் பட்டைக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று எப்படித் தெரிகிறது?

தெரியாது. இன்றைய பட்டைகளில் பல அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை, டிவி ரிமோட் போல. மேடையிலும் தூண்களிலும் உள்ள கருவிகள் கூட்டத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும், எந்தப் பகுதியில் படுகிறதோ அங்குள்ள பட்டைகள் அந்த நிறத்தில் எரியும். முழுக்கைச் சட்டைக்குள் மறைந்தால் எரியாது. கையைத் தூக்குங்கள். கோல்ட்ப்ளே 2012இல் பரப்பிய முதல் பட்டைகள் ரேடியோ அலையில் இயங்கின. அதே குழு 2025 ஜனவரியில் டி.ஒய். பாட்டீலில் வாசித்தபோது பட்டைகளை வெளியேறும் வாசலில் திரும்ப வாங்கிக்கொண்டது.

நம் ஊரில் ஏன் எல்லா ஷோவும் பத்து மணிக்கு முடிகிறது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்தான் காரணம். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு மட்டும் நீட்டிக்கலாம், அது பெரும்பாலும் திருவிழாக்களுக்குப் போய்விடும். எனவே எட்டு மணி ஷோவென்றால் உண்மையிலேயே எட்டு மணி. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஒன்பதுக்கு வந்து சேர்ந்தால் பாதியைத் தவற விடுவீர்கள்.

குழு கையசைத்துவிட்டு உள்ளே போனதும் கிளம்பாதீர்கள். கூட்டம் கத்திக் கூப்பிட்டு அவர்கள் மனமிரங்கித் திரும்புவதுபோல் தோன்றும் என்கோர், அநேகமாக எல்லா ஷோவிலும் முன்பே எழுதிவைத்தது. மிகப் பிரபலமான பாட்டு அங்கேதான் இருக்கும். மைதான விளக்குகள் எரிந்து, ஸ்பீக்கரில் பதிவு செய்த பாட்டு ஓட ஆரம்பித்தால்தான் முடிந்தது என்று பொருள்.

என்ன பாட்டு பாடுவார்கள் என்று முன்பே தெரிந்துகொள்ளலாமா?

அதே சுற்றுப்பயணத்தின் முந்தைய ஊர்ப் பட்டியலை இணையத்தில் பாருங்கள், பெரும்பாலும் அதேதான். விளக்கும் திரைக்காட்சியும் பாட்டோடு நொடிப் பொருத்தமாகக் கட்டப்பட்டிருப்பதால் வரிசையை மாற்றுவது சுலபமல்ல.

ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கொம்பு காட்டுவதன் அர்த்தம் என்ன?

பிளாக் சாபத் குழுவில் பாட வந்த ரோனி ஜேம்ஸ் டியோவால் மெட்டல் உலகில் பரவியது. அவர் சொன்ன காரணம் சாத்தான் அல்ல, அவருடைய இத்தாலியப் பாட்டி. கண்ணேறு படாமலிருக்க அந்தப் பாட்டி காட்டும் முத்திரை அது. திருஷ்டி கழிக்கும் ஊர்க்காரர்களான நமக்கு இது புரியாததல்ல. கட்டைவிரல் மடங்கியிருக்க வேண்டும். அதை நீட்டினால் அமெரிக்கச் சைகை மொழியில் "உன்னை நேசிக்கிறேன்" என்றாகிவிடும், அதுவும் குற்றமில்லை.

டி-ஷர்ட் எப்போது வாங்குவது?

உள்ளே நுழைந்ததும். மீடியமும் லார்ஜும் முதலில் தீரும். வாங்கியதைப் போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள், கையில் வைத்தால் தொலையும். வாசலுக்கு வெளியே நடைபாதையில் விற்பது போலி, விலையில் மூன்றிலொரு பங்குகூட இருக்காது. தெரிந்தே வாங்கினால் சரி.

முடிந்ததும் எப்படி வெளியேறுவது?

இருபது நிமிடம் உட்காருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கும்போது நெரிசல் மறுபடி வரும், அதுவும் களைத்த கால்களோடு. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே செல் கோபுரத்தைத் தட்டுவதால் இணையம் இருக்காது. குறுஞ்செய்தி சில சமயம் தாமதமாகவேனும் போகும். வாடகை வண்டியை மைதான வாசலில் அழைக்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்து முக்கியச் சாலைக்குப் போய் அழையுங்கள், விலையும் குறையும், வண்டியும் வந்து சேரும். டி.ஒய். பாட்டீலுக்கு நெருல் ரயில் நிலையம் இருக்கிறது, அங்கே காரை மறந்துவிடுவது நல்லது.

மறுநாள் காது இரைகிறது, கழுத்து திரும்பவில்லை. டாக்டரிடம் போகணுமா?

காது அடைத்தாற்போல் இருப்பதும் மெல்லிய ரீங்காரமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். அதுவரை ஹெட்போன் வேண்டாம், அடுத்த நாளே இன்னொரு சத்தமான இடத்துக்குப் போகவும் வேண்டாம். இரண்டு நாள் தாண்டியும் ரீங்காரம் அடங்காவிட்டாலோ, ஒரு காது மட்டும் சட்டென்று மந்தமானாலோ, தலை சுற்றினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், சிகிச்சை தாமதமாகும்போது பலன் குறையும்.

கழுத்து வலி தலையாட்டியதால் வந்தது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வந்தது. நிமிடத்துக்கு 130 தாளத்துக்கு மேலான பாட்டில், தலையை அகலமாக வீசினால் கழுத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். தலையை இடுப்பு வரை வீசாமல் சின்ன அசைவாக ஆட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தாளத்துக்கும் ஆட்டாமல் ஒன்று விட்டு ஒன்று ஆட்டுங்கள். வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். கை மரத்துப்போனாலோ விரல் குறுகுறுத்தாலோ மட்டும் ஒத்தடத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.